1500க்கும் 1492க்கும் நடுவே மாட்டிக்கொண்ட 23 வேலைகள்

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, செருப்பு அலமாரியை ஒட்டி, ஒரு பழைய கணினி உட்கார்ந்திருக்கிறது. நான்கு கோர், 8 ஜிபி ரேம், டெபியன் 10 லினக்ஸ். மானிட்டர், கீபோர்டு எதுவும் கிடையாது. லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக எட்டிப் பார்ப்பதோடு சரி. அதற்கு ஒரே உத்தியோகம்தான்: பாயிங்க் என்ற மென்பொருளை ஓட்டுவது. ஐன்ஸ்டைன் அட் ஹோம், ரொசெட்டா அட் ஹோம் என்று இரண்டு ப்ராஜெக்டுகள். ஒன்றில் பல்சார் என்ற சுழலும் விண்மீன்களின் தேடல், இன்னொன்றில் புரதம் மடியும் விதம். நம் வீட்டுக் கணினி சும்மா இருக்கும் நேரத்தை அறிவியலுக்குக் கடன் கொடுப்பது என்று சொல்லலாம். 2020 மார்ச் 31ஆம் தேதி வேற்றுக்கிரகவாசிகளைத் தேடும் செட்டி அட் ஹோம் வேலை அனுப்புவதை நிறுத்தும்வரை அதுவும் ஓடிக்கொண்டிருந்தது. வேற்றுக்கிரகவாசி கிடைக்கவில்லை, பழக்கம் மட்டும் விட்டுப்போகவில்லை.

2021 ஜூலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் செருப்பை எடுக்கக் குனிந்தபோது ஏதோ குறைந்ததுபோல இருந்தது. விசிறிச் சத்தம் இல்லை. பெட்டி அணையவில்லை, பச்சை விளக்கு எரிகிறது. ஆனால் நான்கு கோரும் சும்மா இருக்கின்றன. "இப்பதான் வீடு வீடா இருக்கு, அப்படியே விட்டுடுப்பா" என்றார் அப்பா. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கட்டணம் கட்டுகிறவர் அவர். அந்த வருத்தம் அவருக்கு உண்டு.

உள்ளே போய்ப் பார்த்தால் டிரான்ஸ்ஃபர்ஸ் பட்டியலில் 23 வேலைகள் வரிசைகட்டி நிற்கின்றன. கணக்குப் போட்டு முடித்தாயிற்று, விடைத்தாள் மேலே ஏறவில்லை. இரண்டு நாளைக்கான வேலையை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும்படி அமைத்திருந்தேன். அந்தக் கையிருப்பு தீரும்வரை விசிறி ஓடியிருக்கிறது, அதனால் எனக்குத் தெரியவில்லை. இப்படி ஏறாமல் நிற்கும் கோப்புகள் கோர் எண்ணிக்கையைப்போல இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டால் பாயிங்க் புதிய வேலை கேட்பதையே நிறுத்திவிடும். என் நான்கு கோருக்கு எட்டைத் தாண்டினாலே கதவு மூடிக்கொள்ளும். இங்கே 23.

நிகழ்வுப் பதிவில் ஒரே பல்லவி. ப்ராஜெக்டைத் தொடர்புகொள்ள முடியவில்லை, வேறொரு தளத்தைத் தொட்டுப் பார்க்கிறேன் என்று ஒரு வரி. அடுத்த வரி: இணையம் சரியாக இருக்கிறது, ப்ராஜெக்டின் சர்வர் தற்காலிகமாக நின்றிருக்கலாம். பாயிங்க் இதைச் சும்மா சொல்வதில்லை. தோல்வி வந்தால் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெரிய தளத்தைத் திறந்து பார்க்கும். அது திறந்தால் 'நம் பக்கம் கோளாறு இல்லை' என்று தீர்ப்பு எழுதிவிடும். நானும் அதை நம்பி, சரி, அங்கே ஏதோ பராமரிப்பு வேலை என்று காபி குடிக்கப் போய்விட்டேன்.

பாதி டம்ளரில்தான் உறைத்தது. ஐன்ஸ்டைன் சர்வர்கள் மில்வாக்கியிலும் ஜெர்மனியின் ஹனோவரிலும் இருக்கின்றன. ரொசெட்டா இருப்பது சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில். இரண்டும் ஒரே நாளில், ஒரே மாதிரி, எனக்கு மட்டும் நின்றுபோகுமா? இரண்டின் நிலவரப் பக்கங்களையும் லேப்டாப்பில் திறந்தேன். எல்லாம் பச்சை. பதிவில் பின்னோக்கிப் போனால் முதல் தோல்வி வியாழக்கிழமை மதியம். வியாழன் காலையில்தான் பழைய கேபிள் இணைப்பை மாற்றி ஃபைபர் போட்டுவிட்டுப் போனார்கள்.

"நெட் நல்லாத்தான்ப்பா இருக்கு, கிளாஸெல்லாம் கட்டே ஆகலை" என்றாள் மகள். ஆன்லைன் வகுப்பு நடந்துகொண்டிருந்த காலம், அவள் சொன்னால் அது சான்றிதழ். புதிய இணைப்பின் உதவி எண்ணுக்குப் பேசினேன். ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். ஸ்பீடு டெஸ்ட் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தேன், சொன்ன வேகம் வருகிறது. அவர்கள் வரையில் விஷயம் முடிந்தது.

இங்கே ஒரு விஷயம். நீங்கள் எதையாவது சரிசெய்துவிட்டு 'ம்ஹும், இன்னும் ஏறவில்லை' என்று முடிவுகட்டும் முன், பாயிங்க் உண்மையிலேயே முயன்றதா என்று பாருங்கள். ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் அது தானாகவே விலகி உட்காரும். முதலில் சில நிமிடம், அப்புறம் மணிக்கணக்கில். ஒரே ப்ராஜெக்டின் கோப்புகள் அடுத்தடுத்துத் தோற்றால் அந்த ப்ராஜெக்டின் எல்லாக் கோப்புகளையும் சேர்த்தே காக்க வைத்துவிடும். ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே நேரத்தில் சர்வரின் கதவை இடிக்கக்கூடாது என்பதற்கான நாகரிகம் அது, தப்பில்லை. ஆனால் நான் ரூட்டரை அணைத்துப் போட்டுவிட்டு அரை மணி நேரம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மூன்று மணி நேரத் தவத்தில் இருந்தது. ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் 'இப்போதே முயல்' பொத்தானை அமுக்க வேண்டும். மானிட்டர் இல்லாத என்னைப் போன்றவர்கள் லேப்டாப்பில் இருக்கும் பாயிங்க் மேனேஜரை 31416 போர்ட் வழியாக அந்தப் பெட்டியோடு இணைத்துக்கொள்ளலாம். அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தவருக்குப் கணிதத்தின் பை (π) மேல் பிரியம்.

அமுக்கினேன். ஒரு கோப்பு சில கிலோபைட் வரை சட்டென்று ஏறியது, அப்புறம் அசையவில்லை. சின்னக் கோப்பு ஒன்று 100 சதவீதம் என்றே காட்டிவிட்டு அப்படியே நின்றது. ஏறிவிட்டது, ஆனால் முடியவில்லை! சரியாக ஐந்து நிமிடம் கழித்து, கடைசி 300 விநாடிகளில் விநாடிக்கு 10 பைட்டுக்கும் குறைவாகவே நகர்ந்தது என்று சொல்லிவிட்டு அறுத்துக்கொண்டது.

முதலில் செய்யத் தோன்றியது பிங், அதாவது 'இருக்கிறாயா' என்று ஒரு சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது. பெட்டிக்குள்ளிருந்து ரூட்டருக்கே பிங் அடித்தேன், ஆறடி தள்ளி இருக்கும் ரூட்டருக்கு. ஒன்றுகூடத் திரும்பவில்லை, நூற்றுக்கு நூறு இழப்பு. ஆகா, கிடைத்துவிட்டது, கேபிள்தான் என்று துள்ளினேன். எந்தக் கேபிள் செத்துவிட்டது என்று முடிவு செய்தேனோ, அதே கேபிள் வழியாகத்தான் எஸ்எஸ்ஹெச்சில் உள்ளே போய் உட்கார்ந்து பிங் அடித்துக்கொண்டிருக்கிறேன். அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. இதை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கேபிள் இணைப்பின் வேகத்தைக் காட்டும் ஈத்டூல் என் தப்புக்கு ஒத்து ஊதியது. வேகம் 100 மெகாபிட் என்றது. ரூட்டரும் பெட்டியும் கிகாபிட் தெரிந்தவை, 1000 வரவேண்டும். கேபிளை வெளியே இழுத்துப் பார்த்தால் செருப்பு அலமாரிக்குப் பின்னால் எலி ருசி பார்த்திருக்கிறது. 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். பிரவுன் ஜோடியில் ஒரு கம்பி அறுந்திருந்தது. கடித்த இடம்வரை வெட்டி எறிந்துவிட்டு, உறையை உரித்து, கம்பிகளைப் பிரித்து நேராக்கி வரிசைப்படுத்தினேன்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன். கேபிள் முனையில் மாட்டும் ஆர்ஜே45 செருகியில், முதலாவதில் நீலமும் பச்சையும் இடம் மாறிவிட்டன. இரண்டாவதில் ஒரு கம்பி முனைவரை போகவில்லை. மூன்றாவது சரியாக வந்தது. கிரிம்பிங் டூலை அமுக்கினேன். விளக்கு நிறம் மாறியது, ஈத்டூல் 1000 என்றது.

பிங் அடித்தேன். நூற்றுக்கு நூறு இழப்பு. 'இப்போதே முயல்' அமுக்கினேன். ஐந்து நிமிடம், அதே வரி.

இங்கேதான் கொஞ்சம் நிதானத்துக்கு வந்தேன். கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றி லேப்டாப்பில் செருகி, வைஃபையை அணைத்தேன். லேப்டாப்பும் லினக்ஸ்தான். அதில் பாயிங்க் நிறுவி ஐன்ஸ்டைனோடு இணைத்தேன். வேலை வந்தது. ரூட்டருக்குப் பிங் போனது. பெரிய கோப்பு ஒன்றை வெளியே அனுப்பிப் பார்த்தேன், போனது. ஆக, சர்வர் சரி, ஃபைபர் சரி, ரூட்டர் சரி, கேபிளும் சரி. மிச்சம் இருப்பது பெட்டி மட்டும். எலிக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமே இல்லை, இருந்தாலும் தண்டனையை நான் அனுபவித்தாயிற்று. இந்தச் சோதனையை முதலிலேயே செய்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். கேபிளை உரிப்பதில் ஒரு கைவேலைச் சுகம் இருக்கிறது, அது நம்மை இழுத்துவிடுகிறது.

பெட்டியிடம் என்ன கோளாறு? தளத்தின் பெயரைக் கொடுத்து முகவரியைக் கண்டுபிடிக்கும் பெயர் தேடல் சரியாக நடக்கிறது. டெபியன் புதுப்பிப்புகள் மெகாபைட் கணக்கில் தடையில்லாமல் இறங்குகின்றன. பாயிங்க் பெரிய தளத்தைத் தொட்டுப் பார்க்கும்போது அதுவும் திறக்கிறது. உள்ளே வருவது எல்லாம் சரி. வெளியே போவதில் சின்னது போகிறது, பெரியது போகவில்லை. வேலை கேட்கும் விண்ணப்பம்கூடத் தோற்கிறது, ஏனென்றால் கணினியின் விவரம், கையில் இருக்கும் வேலைகளின் பட்டியல் எல்லாம் சேர்ந்து அதுவே பல கிலோபைட் எக்ஸ்எம்எல். எஸ்எஸ் கட்டளையில் இணைப்புகளைப் பார்த்தேன். அனுப்பக் காத்திருக்கும் வரிசையில் நாற்பதாயிரம் சொச்சம் பைட் அசையாமல் நிற்கிறது. 100 சதவீத மர்மம் அப்போதுதான் அவிழ்ந்தது. பாயிங்க் தன் கையிலிருந்ததைக் இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் கொடுத்துவிட்டது, 'போய்விட்டது' என்று கணக்கு எழுதிவிட்டது. கெர்னலின் கையிலிருந்து கம்பிக்கு அது இறங்கிப் போய்ச் சேரவில்லை.

பெரியது, சின்னது என்றதும் எம்டியு நினைவுக்கு வந்தது. தகவல் பாக்கெட் பாக்கெட்டாகத்தான் போகும், ஒரு பாக்கெட்டின் உச்ச அளவுதான் எம்டியு. ஈத்தர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட்வரை இருக்கலாம். லேப்டாப்பிலிருந்து, துண்டாக்கக்கூடாது என்ற குறியோடு 1472 பைட் பிங் ஒன்றை வெளியே அனுப்பினேன். தலைப்புகளுக்கு 28 சேர்த்தால் 1500. ரூட்டரே திருப்பி அனுப்பியது: துண்டாக்க வேண்டியிருக்கிறது, எம்டியு 1492. 1464 போட்டேன், போனது. புதிய ஃபைபர் பிபிபிஓஇ வகை. பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து உள்ளே போகும் அந்த ஏற்பாடு ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்கிறது. பழைய இணைப்பில் அந்தச் சுமை இல்லை, முழு 1500உம் போகும்.

இதில் தவறு எதுவும் இல்லை. உலகம் முழுக்கப் பிபிபிஓஇ ஓடுகிறது. 1500 பைட் பாக்கெட் வந்தால் ரூட்டர் அதைக் கீழே போட்டுவிட்டு, 'இந்த வழியில் 1492தான் போகும், குறைத்துக்கொண்டு வா' என்று அனுப்பியவருக்கு ஒரு சீட்டு எழுதும். அந்தச் சீட்டு, கணினிகளும் ரூட்டர்களும் நிலவரம் சொல்லிக்கொள்ளும் ஐசிஎம்பி வகை, எண் 3, உட்பிரிவு 4. சீட்டைப் படித்ததும் கணினி பாக்கெட்டைச் சின்னதாக்கி மறுபடி அனுப்பும். லேப்டாப் அதைத்தான் செய்தது, நமக்குத் தெரியக்கூட இல்லை.

பெட்டி ஏன் சீட்டைப் படிக்கவில்லை? பிங்கின் பதிலும் ஐசிஎம்பிதான். அதுவும்தான் திரும்பவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்ததும் வயிற்றில் லேசாக ஏதோ புரண்டது. பெட்டிக்குள் எதை விடுவது, எதைத் தடுப்பது என்று பார்க்கும் ஐபிடேபிள்ஸின் விதிகளை எண்ணிக்கையோடு பட்டியல் போட்டேன்.

முதல் விதி: உள்ளே வரும் ஐசிஎம்பி, எல்லாவற்றையும் கீழே போடு.

பக்கத்தில் 1,846 என்று எண்ணிக்கை. மேனேஜரில் 'இப்போதே முயல்' அமுக்கிவிட்டு மறுபடி பட்டியல் போட்டேன். 1,853. ரூட்டர் சீட்டு எழுதி எழுதி அனுப்பியிருக்கிறது, இவன் வாசலிலேயே வாங்கிக் கிழித்துப் போட்டிருக்கிறான். விதிகள் இருக்கும் கோப்பைத் திறந்தால் அந்த வரிக்கு மேலே ஒரே ஒரு சொல் குறிப்பு: 'பாதுகாப்புக்கு'. எழுதியது நானேதான். பெட்டியை முதலில் அமைத்தபோது, பிங்குக்குப் பதில் சொன்னால் திருடன் கண்டுபிடித்துவிடுவான் என்ற வகை அறிவுரை ஒன்றைப் படித்துவிட்டு ஒட்டியிருக்கிறேன். பழைய இணைப்பில் சீட்டு வரவேண்டிய தேவையே இல்லாததால் இத்தனை காலம் அது யாரையும் உறுத்தவில்லை.

கீழே மூன்றாவது வரியில், ஏற்கெனவே நடக்கும் உரையாடலோடு தொடர்புடையவற்றை விடு என்ற வழக்கமான விதியும் இருந்தது. இந்த மாதிரிச் சீட்டுகளையும் அது அனுமதிக்கும். ஆனால் ஐபிடேபிள்ஸ் மேலிருந்து கீழே படிக்கும், முதலில் பொருந்துவதைச் செய்துவிட்டுப் போய்விடும். என் வரி முதலில் நின்றதால் கீழே இருந்த நல்ல வரிக்கு முறையே வரவில்லை. அதே வரி நாலாவதாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஊகம் சரிதானா என்று பார்க்க, விதியைத் தொடாமல் முதலில் பெட்டியின் எம்டியுவை மட்டும் 1492 ஆகக் குறைத்தேன். பொத்தானை அமுக்கினேன். முதல் கோப்பு, இரண்டாவது, மூன்றாவது என்று கண் முன்னே கரைந்தன. ஐந்தாறு ஏறியதும் நிறுத்தி, மறுபடி 1500 ஆக்கினேன். அடுத்தது மாட்டிக்கொண்டது. இப்போது விதியை நீக்கினேன். ஓடியது. இப்படி ஒன்றை மாற்றி, திரும்பக் கெடுத்து, மறுபடி சரிசெய்து பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். ஐபி ரூட் கெட் என்ற கட்டளையில் அந்தச் சர்வரின் முகவரியைக் கொடுத்துப் பார்த்தால், எம்டியு 1492, இன்னும் 590 சொச்சம் விநாடிக்கு நினைவில் இருக்கும் என்றது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மறந்துவிட்டு மறுபடி ரூட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும். அது அதன் இயல்பு.

போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் போட்டு இன்னொன்றும் பார்த்தேன். இணைப்பு தொடங்கும்போது இரு பக்கமும் 'எனக்கு இவ்வளவு பெரிய துண்டு அனுப்பலாம்' என்று சொல்லிக்கொள்ளும். அதற்குப் பெயர் எம்எஸ்எஸ். சர்வரிடமிருந்து வந்த பதிலில் 1460 இருந்தது. பிபிபிஓஇக்கு அது 1452 ஆக இருக்கவேண்டும். நல்ல ரூட்டர்கள் நடுவிலேயே அந்த எண்ணை இரண்டு திசையிலும் திருத்திவிடும். புதிதாக வந்த ரூட்டர் வெளியே போவதில் மட்டும் திருத்துகிறது, உள்ளே வருவதை விட்டுவிடுகிறது என்றுதான் தோன்றுகிறது. பதிவிறக்கம் சரியாக நடந்ததற்கும் பதிவேற்றம் நின்றதற்கும் அது பொருந்துகிறது. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் அதற்கான இடம் இல்லை, எனவே விட்டுவிட்டேன். காப்பாக, பெட்டியின் கெர்னலில் டிசிபி எம்டியு ப்ரோபிங் என்ற அமைப்பை 1 ஆக்கினேன். சீட்டு வராமலே பெரிய பாக்கெட்டுகள் தொடர்ந்து தொலைந்தால், கெர்னல் தானாகவே அளவைக் குறைத்துப் பார்க்கும். இதை மட்டும் செய்திருந்தாலும் பதிவேற்றம் ஓடியிருக்கும். ஆனால் கிழித்துப் போடுகிறவனை வாசலில் வைத்துக்கொண்டு எதற்கு?

23இல் ஐன்ஸ்டைனுக்கு 14 வேலைகள். அதன் கெடு இரண்டு வாரம், எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. ரொசெட்டாவின் கெடு மூன்று நாள்தான். ஒன்பதும் ஞாயிறு மதியத்துக்குள்ளேயே காலாவதி ஆகிவிட்டன. அவற்றைச் சர்வர் வேறு யாருடைய கணினிக்கோ ஏற்கெனவே அனுப்பியிருந்தது. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் அந்த இன்னொருவரின் விடை வருவதற்குள் என்னுடையது போய்விட்டதால் புள்ளி கிடைத்தது.

இரவு பத்து மணிக்கு விசிறி மறுபடி சத்தம் போட ஆரம்பித்தது. அப்பா கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். "சரிபண்ணிட்டியா?" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில். எலிப்பொறியில் வைக்கத் தேங்காய்ச் சில் இருக்கிறதா என்று கேட்டேன்.